மெய்நிகர் கவனத் துணை

மெய்நிகர் கவனத் துணை என்பது, ஒருவர் தாம் எடுத்துக்கொண்ட பணியில் மனம் சிதறாமல் ஈடுபட உதவும் நோக்கில் உருவாக்கப்படும் கணினி நிரல் அல்லது நகர்பேசிச் செயலி ஆகும். இது திரையில் தோன்றும் உருவமாகவோ, குரலாகவோ, எழுத்துவழி உரையாடலாகவோ அமையலாம். பணியைத் தானே செய்து கொடுக்கும் உதவியாளர் நிரல்களிலிருந்து இது வேறுபட்டது. படிப்பது, எழுதுவது, கணக்கிடுவது ஆகிய யாவும் மனிதரிடமே இருக்கும். உடன் இருப்பது மட்டுமே துணையின் வேலை.

இத்தகைய துணையை வடிவமைப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. துணை பேசினால் அதுவே கவனத்தைக் கலைக்கும். பேசாதிருந்தால் அது இருப்பதே மறந்துபோகும். எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதே இத்துறையின் மையக் கேள்வி ஆகும். கணினிக்கு முன்பே இக்கேள்வியை எதிர்கொண்ட இடங்கள் பல. இரவு முழுவதும் விழித்திருந்து ஒரு விண்மீனைத் தொடர வேண்டிய வானியல் நோக்ககங்கள் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகம் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

முன்வடிவங்கள்

உடன் இருப்பவரால் பணியில் ஊன்றுதல் என்பது புதிய கருத்து அன்று. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவர் இருந்தார். ஏனைய மாணவர் பாடம் ஒப்பிப்பதையும் எழுதுவதையும் மேற்பார்த்தல் அவரது பொறுப்பு. அவர் புதிதாக எதையும் கற்பிக்காத நேரத்திலும், அவர் அருகில் இருப்பதே மாணவரை ஏட்டில் இருத்தியது. 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு நடைமுறைப்படுத்தினார். உள்ளூர்ப் பள்ளிகளில் சிறுவர் மணலில் எழுதிப் பழகியதைக் கண்டு அவ்வழக்கத்தையும் கையாண்டார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797 இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது 'சென்னை முறை' என்று அறியப்பட்டுப் பிற நாடுகளிலும் பரவியது.

கவனத்தையே ஒரு கலையாக வளர்த்த மரபும் தமிழில் உண்டு. அவதானம் அல்லது கவனகம் எனப்படும் இக்கலையில், ஒருவர் ஒரே வேளையில் பல செயல்களை மனத்தில் கொண்டு ஒவ்வொன்றுக்கும் பிழையின்றி விடை தர வேண்டும். எட்டுச் செயல்கள் எனில் அட்டாவதானம், நூறு எனில் சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907 ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தி அப்பட்டம் பெற்றார். இந்நிகழ்வுகளில் சுற்றி அமர்ந்திருப்போரின் வேலை, வினா தொடுத்தும் மணி அடித்தும் அவதானியின் கவனத்தைச் சோதிப்பதாகும். கவனத் துணையின் வேலை இதற்கு நேர் எதிரானது. நீண்ட பயிற்சியால் அவதானி அடையும் நிலையைப் பயிற்சி இல்லாதவருக்குச் சிறிதளவேனும் சூழலின் வழியாக அமைத்துத் தர அது முயல்கிறது.

கருவி வடிவிலான எளிய முன்னோடியாகப் பொமொடோரோ முறையைக் குறிப்பிடலாம். 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை மணிக்கருவி ஒன்றைக் கொண்டு இதை உருவாக்கினார். இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்பது தக்காளியைக் குறிக்கும். 25 நிமிடம் ஒரே பணி, பின் 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுகளுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வு என்பது இதன் ஒழுங்கு. இன்றைய கவனச் செயலிகள் பலவற்றின் உள்ளே இயங்குவது இக்கால ஒழுங்கே ஆகும்.

உளவியல் அடிப்படை

மெய்நிகர் கவனத் துணைக்கு அடிப்படையான உளவியல் முடிவுகளுள் முதன்மையானவை பின்வருமாறு.

பிறர் இருப்பின் விளைவு. அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898 இல் வெளியிட்ட ஆய்வில், மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறருடன் ஓட்டும்போது விரைவாக ஓட்டுவதைச் சுட்டிக்காட்டினார். ஆயினும் பிறர் இருப்பது எப்போதும் நன்மை தருவதில்லை. 1965 இல் ராபர்ட் சயோன்க் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். பிறர் இருப்பு மனக் கிளர்ச்சியை உயர்த்துகிறது. அதனால் ஒருவரிடம் ஏற்கனவே வேரூன்றிய செயல் மேலும் வலுப்படுகிறது. நன்கு பழகிய வேலை இதனால் சிறக்கும். புதியதும் கடினமானதுமான வேலையில் பிழைகள் பெருகும். ஆகவே பாடத்தை மீள எழுதிப் பார்க்கும் மாணவருக்கு உதவும் அதே துணை, புதிய கணக்கு ஒன்றை முதன்முறை புரிந்துகொள்ள முயலும் மாணவருக்குத் தடையாகலாம்.

விழிப்புத் தளர்வு. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார் திரையை நெடுநேரம் பார்த்திருந்தோர் சில குறிகளைத் தவறவிட்டதன் காரணத்தை அறிய, பிரித்தானிய உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஒரு சோதனையை அமைத்தார். எண்களற்ற கடிகார முகத்தில் முள் ஒன்று நொடிக்கு ஒருமுறை ஓர் அடி நகரும். எப்போதாவது இரண்டு அடி தாவும். தாவலைக் கண்டதும் விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணிநேரம் நீடித்த இச்சோதனையில், முதல் அரைமணிநேரத்திலேயே கண்டறியும் திறன் குறையத் தொடங்கியது. 1948 இல் வெளியான இவ்வாய்வின் வேறு இரு முடிவுகள் கவனத் துணைக்கு நேரடியாகப் பொருந்துவன. அரைமணிக்கு ஒருமுறை ஓய்வு தந்தபோது தளர்வு பெருமளவு தவிர்க்கப்பட்டது. சோதனையின் நடுவே, இன்னும் நன்றாகச் செய்யுமாறு தொலைபேசி வழியாக ஒரு செய்தி சொல்லப்பட்டபோது திறன் சிறிது காலம் மீண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் ஒரு சொல் கவனத்தை மீட்கும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாகும். அம்மீட்சி தற்காலிகமானது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

கவன எச்சம். ஒரு பணியை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தைய பணியிலேயே தங்கிவிடுகிறது. 2009 இல் சோஃபி லெராய் வெளியிட்ட ஆய்வு இதனை 'கவன எச்சம்' என்று பெயரிட்டு விளக்கியது. ஒரு குறுஞ்செய்தியைப் பார்க்கச் செலவாகும் சில நொடிகளைவிட, அதன் பின் பணிக்கு மீளச் செலவாகும் காலம் பெரிது என்பதற்கு இது ஒரு காரணம்.

கணினியை மாந்தராகக் கொள்ளல். பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட நூலில், மக்கள் கணினியிடமும் தம்மை அறியாமல் மனிதரிடம் காட்டும் மரியாதை, கூச்சம் போன்ற சமூக இயல்புகளைக் காட்டுவதைச் சோதனைகளின் வழி நிறுவினர். திரையில் உள்ள உருவம் உயிரற்றது என்று அறிந்தவரும் அதனால் ஓரளவு பாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

எடுத்துக்காட்டு: காவலூர் வான் ஆய்வகம்

நெடுநேரக் கவனத்தை மனிதர், உடன் பணிபுரிவோர், கருவி ஆகிய மூவரும் பகிர்ந்துகொள்ளும் விதத்தை அறிய வானியல் நோக்ககம் சிறந்த இடமாகும். சவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்துள்ளது. நகர ஒளியிலிருந்து விலகிய வானத்தையும், தென்வானத்தின் பெரும்பகுதியைக் காண இயலும் தாழ்ந்த அட்சக்கோட்டையும் கருதி, வானியலாளர் மணலி கல்லாட் வைணு பாப்பு (1927–1982) இவ்விடத்தைத் தெரிவு செய்தார். 1960களின் பிற்பகுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. 1972 இல் 102 செ.மீ. சைஸ் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986 இல் இயங்கத் தொடங்கிய 234 செ.மீ. தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. இவ்வாய்வகம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது.

கவனம் தவறினால் இங்கு இழப்பு எத்தகையது என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்றாகும். 1972 சூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. அந்நிகழ்வு காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் நோக்கப்பட்டது. கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்னும் கருத்து அதிலிருந்து எழுந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் அவ்விண்மீனை நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்ததைக் காவலூர் 102 செ.மீ. தொலைநோக்கியின் பதிவு காட்டியது. தொடக்கத்தில் இது புதிய துணைக்கோள் ஒன்றால் நேர்ந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அதே இரவு, வானூர்தியில் அமைந்த கைப்பர் நோக்ககத்திலிருந்து எடுக்கப்பட்ட பதிவுகளில் இத்தகைய ஒளிக்குறைவுகள் பல இருந்தன. அவற்றிலிருந்து யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது தெரியவந்தது. எதிர்பார்த்த நேரத்தில் மட்டும் விழித்திருந்து, அதற்கு முன் கருவியை இயக்காமல் விட்டிருந்தால் அந்தச் சில நொடிகள் பதிவாகியிரா.

நோக்கலின் அன்றாடச் சுமையோ வேறு வகையானது. புவியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியை ஓர் இயக்கி திருப்பிக்கொண்டே இருக்கும். ஆயினும் பற்சக்கரங்களின் சிறு பிழைகள், கருவியின் எடையால் ஏற்படும் வளைவு, வளிமண்டல ஒளிவிலகல் ஆகியவற்றால் விண்மீன் மெல்ல விலகும். ஒளிப்படத் தட்டுகளின் காலத்தில், நோக்குநர் ஒரு வழிகாட்டி விண்மீனைக் குறுக்கிழையின் நடுவில் வைத்தபடி, விலகும்போதெல்லாம் கைவிசையை அழுத்தித் திருத்த வேண்டும். ஓர் ஒளிப்பதிவு முடியும்வரை, சில வேளைகளில் மணிக்கணக்கில், இது தொடரும். மாக்வொர்த்தின் கடிகாரச் சோதனைக்கும் இப்பணிக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது.

மின்னணு ஒளியுணரிகள் பரவிய பின், இவ்வேலையைத் தன்வழிகாட்டி என்னும் அமைப்பு ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உள்ள நோக்ககங்களில் நிலைபெற்றது. சிறிய படமி ஒன்று வழிகாட்டி விண்மீனை இடைவிடாமல் படமெடுக்கும். விலகலை நிரல் அளக்கும். திருத்தம் தானே தொலைநோக்கிக்குச் செல்லும். நோக்குநருக்கு இது சொல்ல வேண்டியது மிகக் குறைவு: விண்மீன் மேகத்தில் மறைந்துவிட்டது, அல்லது விலகல் எல்லையைத் தாண்டிவிட்டது என்பன மட்டுமே. மற்ற நேரங்களில் அது மௌனமாக இருக்கும். விடுவிக்கப்பட்ட கவனம், பதிவான நிறமாலை சரியாக உள்ளதா, ஈரப்பதம் உயர்கிறதா, அடுத்து எந்த விண்மீன் என்பன போன்ற முடிவுகளுக்குச் செல்லும். தொலைநோக்கியை இயக்கும் இரவுப் பணி உதவியாளர் உடன் இருப்பது, அயர்வுக்கு எதிரான மற்றொரு காப்பாகும்.

தன்வழிகாட்டி, மெய்நிகர் கவனத் துணை அன்று. அதற்கு உருவமும் இல்லை, உரையாடலும் இல்லை. எனினும் நல்ல துணைக்குரிய பிரிவினை அதில் தெளிவாக உள்ளது. சலிப்பூட்டும் கண்காணிப்பு கருவியிடமும், பொருளுள்ள முடிவு மனிதரிடமும் இருக்கின்றன. குறுக்கிட வேண்டிய காரணங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளன. இவற்றை மறந்த கணினித் துணைகளுக்கு நேர்ந்தது அடுத்த பகுதியில் கூறப்படுகிறது.

கணினித் துணைகளின் வளர்ச்சி

உரையாடும் நிரல்களின் முன்னோடி எலைசா ஆகும். மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய இந்நிரல் 1966 இல் வெளியிடப்பட்ட கட்டுரையில் விளக்கப்பட்டது. பயனர் எழுதிய சொற்களையே மாற்றி அமைத்து வினாவாகத் திருப்பித் தருவது அதன் முறை. அது எதையும் புரிந்துகொள்ளவில்லை. இருந்தும் மக்கள் அதனிடம் மனம் திறந்து பேசினர். இதனால் கவலையுற்ற வைசன்பாம், 1976 இல் எழுதிய நூலில் கணினியிடம் ஒப்படைக்கத் தகாத பணிகள் உள்ளன என்று வாதிட்டார்.

1996 இல் சப்பானின் பண்டாய் நிறுவனம் டமகோச்சி என்னும் கையடக்க மின்னணுச் செல்லப்பிராணியை வெளியிட்டது. உணவளிக்கத் தவறினால் அது 'இறந்துவிடும்'. உயிரற்ற ஒன்றின் மீது பயனர் பொறுப்புணர்வு கொள்வர் என்பதை அது காட்டியது. ஆனால் அதற்காகப் பயனரைப் பலமுறை அழைத்து வேறு வேலைகளிலிருந்து பிரித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், மைக்ரோசாப்ட் ஆஃபீஸ் 97 மென்பொருளில் தாள்பிடி வடிவ உதவியாளர் ஒன்று இடம்பெற்றது. கிளிப்பிட் என்பது அதன் பெயர். கிளிப்பி என்று மக்கள் அழைத்தனர். எழுதிக்கொண்டிருக்கும்போது அது தோன்றி, கடிதம் எழுதுகிறீர்களா, உதவி வேண்டுமா என்று வினவும். முதன்முறை பயன்பட்ட இவ்வினா, பத்தாம் முறை எரிச்சலூட்டியது. பயனர் எத்தனை முறை மறுத்தார் என்பதை அது கருதவில்லை. 2001 இல் வந்த பதிப்பில் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டு, 2007 பதிப்பில் நீக்கப்பட்டது. புலி வருகிறது என்று பலமுறை கூவியவனின் கதையைப் போல, வீணான அழைப்புகள் பயனுள்ள அழைப்பின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

2014 இல் வெளியான ஃபாரஸ்ட் என்னும் தைவான் செயலி வேறு வழியைக் கையாண்டது. பயனர் ஒரு காலத்தைக் குறித்ததும் திரையில் ஒரு செடி நடப்படும். அதுவரை நகர்பேசியில் வேறெதையும் தொடாதிருந்தால் அது மரமாகும், தொட்டால் பட்டுப்போகும். இதில் துணை பேசுவதில்லை, வளர மட்டும் செய்கிறது. டமகோச்சியின் பொறுப்புணர்வு இதிலும் உண்டு. ஆனால் அது பயனரை அழைப்பதற்கு மாறாகத் தள்ளி வைக்கப் பயன்படுகிறது.

2022 இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பின், பெரும் மொழி மாதிரிகளைக் கொண்ட உரையாடல் துணைகள் பரவலாயின. பயனரின் திட்டத்தைக் கேட்டு அதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருவது இவற்றால் எளிதாகியது. எதைப் பற்றியும் சுவையாகப் பேச இயலும் என்பதே இவற்றின் குறையும் ஆகும். பணியைத் தள்ளிப்போட விரும்புவோருக்கு, பணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிட வசதியான சாக்கு வேறில்லை.

வடிவமைப்புக் கூறுகள்

ஒரு மெய்நிகர் கவனத் துணையின் இயக்கத்தைப் பொதுவாக ஐந்து நிலைகளாகப் பிரிக்கலாம்.

1. நோக்கத்தைக் கேட்டல். தொடக்கத்தில் துணை ஒரே ஒரு வினா எழுப்பும்: இப்போது எதைச் செய்யப் போகிறீர்கள்? 'வேதியியல் படிக்கப் போகிறேன்' என்னும் விடையைவிட, 'அமிலம், காரம் பாடத்தின் முதல் ஐந்து கணக்குகள்' என்னும் விடை பயனுள்ளது. எப்போது, எங்கே, எதன் பின் தொடங்குவது என்று முன்கூட்டிக் குறித்துக்கொள்வது செயலை நிறைவேற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. 'இரவு உணவு முடிந்ததும் மேசைக்குப் போவேன்' என்பது இவ்வகைக் குறிப்பாகும்.

2. காலத்தைப் பகுத்தல். 25 நிமிடம் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவே அன்றி மாறா விதி அன்று. பயனர் ஆழ்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்து நிறுத்துவது துணையின் நோக்கத்துக்கே முரணானது. ஆகவே காலம் முடிந்ததை ஒலியின்றி நிறமாற்றத்தால் காட்டி, நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் பயனரிடம் விடுவது பொருத்தமானது.

3. உணர்தல். பயனர் பணியில் இருக்கிறாரா என்பதை அறியப் பல வழிகள் உள்ளன: தட்டச்சு இடைவெளி, திறந்திருக்கும் சாளரத்தின் பெயர், நகர்பேசியின் அசைவு, படமி வழியாகக் கண்களின் திசை. ஆனால் எழுதாதிருப்பவர் சிந்தித்துக்கொண்டிருக்கலாம். புத்தகத்தைப் பார்ப்பவர் கனவு காணலாம். வெளி அடையாளங்களைக் கொண்டு மனத்தின் நிலையை உறுதியாகக் கூற இயலாது. எனவே உணரிகளைக் கூட்டுவதைவிட, இடைவேளையில் பயனரையே கேட்டறிவது எளிதும் நேர்மையானதும் ஆகும்.

4. குறுக்கிடல். பணியின் ஒரு பகுதி முடியும் இடத்தில் வரும் குறுக்கீடு, வாக்கியத்தின் நடுவில் வருவதைவிடக் குறைந்த இடையூறு தரும். தன்வழிகாட்டியைப் போல, எவ்வெக் காரணங்களுக்காகக் குறுக்கிடலாம் என்பதைத் தொடக்கத்திலேயே பயனர் தெரிவு செய்ய வேண்டும். ஒரே நினைவூட்டல் மறுக்கப்பட்டால் அடுத்தது தள்ளிப்போக வேண்டும்.

5. மீள்பார்வை. முடிவில் துணை, தொடக்கத்தில் கூறியதையும் முடிந்ததையும் அருகருகே காட்டும். தவறவிட்ட நாள்களைச் சிவப்பு நிறத்தில் அடுக்குவது பலரைச் செயலியைக் கைவிடச் செய்யும். எது தடையாக இருந்தது என்று ஒரு வரி எழுதச் செய்வது அடுத்த நாளைத் திருத்த உதவும்.

மதிப்பெண், பதக்கம் போன்ற பரிசுகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. எட்வர்டு டெசி 1971 இல் வெளியிட்ட ஆய்வில், விருப்பத்தோடு புதிர்களை விடுவித்தவர்களுக்குப் பணம் தரப்பட்டபோது, பின்னர் பணம் நிறுத்தப்பட்டதும் அவர்களது தன்விருப்பம் குறைந்தது காணப்பட்டது. பரிசுக்காகப் படித்தவர் பரிசு நின்றதும் படிப்பை நிறுத்தக்கூடும்.

தோற்றமும் மொழியும்

துணையின் உருவம் எவ்வளவு மனிதரைப் போல் உள்ளதோ, அவ்வளவு கவனத்தையும் எதிர்பார்ப்பையும் அது ஈர்க்கும். மூலையில் உறங்கும் பூனை, எரியும் அகல்விளக்கு, வளரும் செடி போன்ற எளிய உருவங்கள் இதனால் விரும்பப்படுகின்றன.

தமிழில் இயங்கும் துணைக்கு ஆங்கிலத்தில் எழாத ஒரு சிக்கல் உண்டு. 'நீ', 'நீங்கள்' ஆகிய இரண்டில் எதனால் பயனரை அழைப்பது என்பதை அது முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். 'படி' என்னும் ஏவல் ஆசிரியரின் குரலாக ஒலிக்கும், 'படியுங்கள்' என்பதில் மரியாதையோடு தொலைவும் உண்டு, 'படிக்கலாமா?' என்பது உடன் அமர்ந்திருப்பவரின் அழைப்பு. மூன்றாம் வடிவம் ஏவலையும் விலகலையும் தவிர்ப்பதால் துணைக்குப் பெரிதும் பொருந்தும். எழுத்து வழக்கில் எழுதப்பட்ட வாக்கியத்தைக் குரலாக ஒலிக்கச் செய்தால் மேடைப் பேச்சைப் போல் தோன்றும் என்பதும் கருதத்தக்கது. குரலுக்குப் பேச்சு வழக்கும், திரைக்கு எழுத்து வழக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

காலக் கணிப்பு, நினைவூட்டல், மீள்பார்வை ஆகிய மூன்றும் இணைய இணைப்பு இன்றியே இயங்கக் கூடியவை. மலைப்பகுதிகளில் உள்ள மாணவருக்கும், பகிர்ந்துகொள்ளும் நகர்பேசியில் படிப்போருக்கும் இவ்வாறு இணைப்பைச் சாராத வடிவமே பயன்படும். இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிக்க இயல்வது, கவனத்துக்கும் நன்மையாகும்.

தனியுரிமை

கவனத்தை அளக்கும் கருவி, மனிதரைக் கண்காணிக்கும் கருவியாக எளிதில் மாறும். பயனர் தமக்காக வைத்துக்கொண்ட பதிவு, மேலாளரிடமோ பள்ளியிடமோ சென்றால், சட்டாம்பிள்ளை உளவாளி ஆகிவிடுகிறார். அத்தகைய நிலையில் பயனர் பணியில் ஈடுபடுவதைவிட, ஈடுபடுவது போல் காட்டிக்கொள்ளப் பழகுவார்.

இந்தியாவில் 2023 இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது; அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதற்கும் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் ஒருவரது உணர்ச்சிகளைக் கருவி கொண்டு ஊகிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர்த்துத் தடை செய்கிறது. இத்தடை 2025 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுகளைப் பயனரின் கருவியிலேயே வைத்திருப்பதும், அவற்றை அழிக்கும் உரிமையை அவரிடமே தருவதும் எளிய காப்புகளாகும்.

வரம்புகளும் திறனாய்வும்

கருவியின் மீது மிகையான நம்பிக்கை வைப்பது ஒரு தீங்காகும். தன்னியக்கக் கருவிகளுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை ஆராய்ந்த இந்திய வம்சாவளி உளவியலாளர் ராஜா பரசுராமன், விக்டர் ரைலியுடன் சேர்ந்து 1997 இல் எழுதிய கட்டுரையில், கருவியை அளவுக்கு மீறி நம்புவதும், பொய் எச்சரிக்கைகளால் வெறுத்து அதைப் புறக்கணிப்பதும் ஆகிய இரு பிழைகளையும் விளக்கினார். கவனத் துணையில் இவ்விரண்டும் நேரலாம். துணை நினைவூட்டும் என்று எண்ணித் தாமாக நினைவில் கொள்வதை விட்டுவிடுவது முதல் வகை. ஓயாது அழைக்கும் செயலியின் ஒலியை அணைத்துவிடுவது இரண்டாம் வகை.

கவனச் சிதறல் எப்போதும் மன உறுதியின் குறையால் நேர்வதன்று. உறக்கமின்மை, பசி, இரைச்சலான வீடு, அளவுக்கு மீறிய பணிச்சுமை ஆகியவற்றுக்கு மென்பொருள் தீர்வாகாது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடையோர் சிலர், பிறர் ஒருவர் அருகில் இருக்கும்போது வேலையைத் தொடங்குவது எளிதாக உள்ளதாகக் கூறுகின்றனர். எனினும் மெய்நிகர் துணை மருத்துவத்துக்கு மாற்றாகாது. தனிமையில் உள்ளோர் நிரலையே நட்பாகக் கொண்டு மனிதர்களிடமிருந்து மேலும் விலகக்கூடும் என்னும் கவலை, வைசன்பாம் காலத்திலிருந்தே எழுப்பப்பட்டு வருகிறது.

துணையின் வெற்றியை எவ்வாறு அளப்பது என்பதிலும் முரண்பாடு உண்டு. பெரும்பாலான செயலிகளின் வருவாய், பயனர் அவற்றில் செலவிடும் காலத்தைச் சார்ந்தது. கவனத் துணையைப் பொறுத்தவரை, பயனர் அதைப் பார்க்கும் நேரம் குறைவதே வெற்றியின் அடையாளம். சில மாதங்களுக்குப் பின் துணை இல்லாமலே ஒருவர் குறித்த நேரத்தில் அமர்ந்து, எடுத்த பகுதியை முடித்து எழுவாராயின் அதன் பணி நிறைவுற்றதாகும். திண்ணைப் பள்ளி மாணவரும் ஒரு காலத்துக்குப் பின் சட்டாம்பிள்ளை இன்றியே ஏட்டை விரித்தார்.